துப்பாக்கிக்கு அழுகை, நிலத்துக்குப் பிரியாணி

எங்கள் வீட்டில் கல்யாணமோ காரியமோ எது நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்ற ஆரம்பிக்கும்போது பெரியப்பா தாத்தாவின் துப்பாக்கியை எடுப்பார். வாயால்தான். “வெப்ளி அண்ட் ஸ்காட். பர்மிங்ஹாம் சரக்கு. பன்னெண்டு போர், ரெட்டைக்குழல். இன்னிக்கு இருந்தா ஏழு லட்சம்டா.” ஏழு லட்சம் என்று சொல்லி முடித்ததும் என்னைப் பார்ப்பார். அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். ஏனென்றால் 2006-இல் தாத்தா அந்தத் துப்பாக்கியை 70,000 ரூபாய்க்கு ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவருக்கு விற்றது என்னை இன்ஜினியரிங் காலேஜில் சேர்ப்பதற்காக.

கிட்டத்தட்ட இருபது வருடமாக இந்தப் பார்வையை வாங்கிக்கொண்டிருக்கிறேன். பழகிவிட்டது. இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அதே பெரியப்பா, அதே வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு, 2015-இல் நாங்கள் நாலு ஏக்கர் விற்றதைப் பேசும்போது அவர் குரல் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லத்தான். “கரெக்டான டைம்ல வித்தோம்” என்பார். அதில் ஒரு பொட்டு வருத்தம் இருக்காது. கிரயம் முடிந்த அன்று பத்திர ஆபீஸிலிருந்து நேராகப் பிரியாணிக் கடைக்குப் போனோம். நானும் போனேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் துப்பாக்கி வீட்டைவிட்டுப் போன அன்று எங்கள் வீட்டில் ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

துப்பாக்கிக்கு அழுகிறோம், நிலத்துக்குப் பிரியாணி சாப்பிடுகிறோம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகவே புரிகிறது. புரிந்ததால்தான் கோபம் வருகிறது.

*

பேரிகையைத் தெரியாதவர்களுக்கு: ஓசூரிலிருந்து பாகலூர் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். சூளகிரி வட்டம். எல்லையைத் தாண்டினால் மாஸ்தி, மாலூர். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். ராகியும் அவரையும் கொள்ளும் விளைந்த மண்ணில் இன்று கோஸ், தக்காளி, குடைமிளகாய், பசுமைக்குடிலுக்குள் ரோஜா. எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் வந்தது. பிறகு டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், 1984-இல் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன். இப்போது விடிவதற்கு முன்பே கம்பெனி வேன்கள் கிராமம் கிராமமாக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன.

இந்தப் பக்கத்துப் பழைய நிலக்காரர் வீடுகளில் துப்பாக்கி இருந்ததற்குக் காரணம் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி எல்லாமே காட்டை ஒட்டிய ஊர்கள். கதிர் பிடிக்கிற பருவத்தில் காட்டுப்பன்றி வரும். குளிர்காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி வழியாக இறங்கிச் சானமாவு வரைக்கும் வரும்; இன்றும் வருகிறது. பரணில் ஆள் உட்காருவான். தகரம் தட்டுவான், பந்தம் காட்டுவான், அதற்கும் மசியவில்லை என்றால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. வசதி இல்லாதவர்களிடம் கரிமருந்தையும் பால்ரஸ் குண்டையும் குழல் வாய் வழியாக இடித்து நிரப்புகிற நாட்டுத் துப்பாக்கி. வசதி உள்ளவர்களிடம் தோட்டா போடுகிற ரெட்டைக்குழல். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பயிர்க் காவலுக்காக வைத்துக்கொள்ளும் நாட்டுத் துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிட்டே லைசென்ஸ் கொடுக்கச் சொல்கிறது. சட்டத்தின் கண்ணுக்கே அது ஒரு விவசாயச் சாமான்.

இதோடு கென்னத் ஆண்டர்சனும் சேர்ந்துகொள்வார். பெங்களூர்க்காரர்; நம் ஜவளகிரி, சிவனப்பள்ளிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலியையும் சிறுத்தையையும் சுட்டு, அதை இங்கிலீஷில் புத்தகங்களாக எழுதியவர்; 1974-இல் இறந்தார். ஆண்டர்சனோடு காட்டுக்குப் போகாத தாத்தாவே எங்கள் பக்கத்தில் கிடையாது. எங்கள் தாத்தாவும் போனாராம். தாத்தா உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. துப்பாக்கியை விற்ற பிறகுதான் ஆண்டர்சன் எங்கள் வீட்டுக் கதைக்குள் வந்தார்.

உண்மையில் அந்தத் துப்பாக்கிக்கு வேலை போய் வெகுநாள் ஆகியிருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை முடிந்தது. ராகி போய்த் தக்காளி வந்ததும் பரண் போனது. மிச்சம் இருந்தது அலைச்சல் மட்டும்தான். லைசென்ஸைப் புதுப்பிக்க அலைய வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, எல்லாம் முடிந்த பிறகு திரும்ப வாங்கி வர வேண்டும். எழுபத்தைந்து வயசில் தாத்தா அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் விற்றது ஒரு வீரனின் வாள் இல்லை. வேலை முடிந்துபோன ஒரு சாமான்.

அப்புறம் எங்கிருந்து வந்தது ஏழு லட்சம்?

எண்பதுகளின் நடுவில் மத்திய அரசு தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குக் கதவை மூடியது. அதன் பிறகு நாட்டுக்குள் ஏற்கனவே இருந்த இங்கிலீஷ் துப்பாக்கிகள் எண்ணிக்கையில் கூட வழியே இல்லை. லைசென்ஸும் காசும் உள்ளவர்கள் மட்டும் வருடா வருடம் கூடினார்கள். விலை ஏறியது. அவ்வளவுதான் விஷயம். பெரியப்பாவை இன்றைக்கு வெற்றிலைத் தட்டு முன்னால் கண்கலங்க வைப்பது தாத்தாவின் ஞாபகம் இல்லை, ஓர் இறக்குமதிக் கொள்கை.

*

இந்தச் சந்தேகம் வந்த பிறகு எங்கள் வீட்டில் விற்ற பொருட்களையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எதற்கு வருத்தப்படுகிறோம், எதற்கு இல்லை என்று.

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. தினமும் சாவி கொடுக்கிற வாட்ச். 1961-இல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் செய்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டைட்டனில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணத்துக்குக் கல்யாணம் குவார்ட்ஸ் வாட்ச் பரிசாக வர ஆரம்பித்ததும், அப்பா ஜனதாவைக் கழற்றி டிராயரில் போட்டார். பிறகு யாரோ கேட்டார்கள் என்று கொஞ்சப் பணத்துக்குக் கொடுத்துவிட்டார். பத்துப் பதினைந்து வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட அரசு முடிவு செய்த செய்தி வந்தது. பழைய ஜனதாவுக்குக் கிராக்கி என்று பேப்பரில் படித்த அன்று அப்பா, “என் வாட்ச் எங்கடா?” என்றார்.

சித்தப்பாவின் ஆர்.எக்ஸ். 100. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. மைலேஜ் இல்லை, புகை கக்குகிறது என்று 2003-இல் 9,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டார் என்பது அன்று அவரே சொன்ன வார்த்தை. இன்று நல்ல நிலையில் இருக்கும் ஒரு ஆர்.எக்ஸுக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். இப்போது சித்தப்பா அதை “என் உசிரு” என்கிறார்.

இன்னொன்றும் விற்றோம். டிராக்டர் வாங்கிய வருடம் ஹள்ளிகார் எருதுகள் ஒரு ஜோடி. அவ்வா இரண்டு நாள் சோறு தொடவில்லை. வாங்கியவன் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது ஒரு எருது திரும்பித் திரும்பிப் பார்த்ததை அவர் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு ஆண்கள் எந்த விசேஷத்திலும் அந்த எருதுகளைப் பேசியதில்லை. அவை இந்நேரம் செத்திருக்கும். செத்த மாட்டுக்கு மார்க்கெட் இல்லை, அதனால் வருத்தமும் இல்லை.

ஆக, விலை ஏறிய பொருளுக்குத்தான் எங்கள் வருத்தம் ஏறியிருக்கிறது. “ஐயோ வித்துட்டேனே” என்று சொல்லும்போது நாங்கள் சொல்வது “ஐயோ சீக்கிரமா வித்துட்டேனே” என்பதைத்தான். நிலத்துக்கு ஏன் வருத்தம் இல்லை? ஏனென்றால் அதை நல்ல விலைக்கு விற்றோம். ஒருவேளை அந்த நாலு ஏக்கர் பக்கத்தில் நாளைக்கே ஒரு பெரிய கம்பெனி வந்து விலை மூன்று மடங்கு ஆகட்டும். அடுத்த விசேஷத்தில் பெரியப்பா நிலத்துக்கும் அழுவார். அந்த அழுகைக்கும் நிலத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

இதில் நம் தலைமுறை மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் விற்றார்கள், நாம் வாங்குகிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து எடுத்த பர்மா தேக்குக் கதவும் தூணும் எனாமல் சட்டியும் அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கதவை வாங்கிக் கண்ணாடி போட்டு மேஜையாக்கிய கஃபேயில் உட்கார்ந்து நாம் காபி குடிக்கிறோம். போட்டோ போடுகிறோம். அதன் கீழே “இழந்தவை” என்று எழுதுகிறோம். யார் இழந்தது? அந்தக் கதவை எந்தக் கடனுக்காக, எந்தப் பாகப்பிரிவினைச் சண்டையில் கழற்றினார்கள் என்று மேஜையிடம் கேட்டிருக்கிறோமா? பழைய பொருளைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற கட்டுரைகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. திண்ணை, அம்மி, ரேடியோ, தாத்தாவின் துப்பாக்கி. அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பது ஒரு வரிகூட இருக்காது. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று எழுதினேன். எங்கள் துப்பாக்கியைப் பற்றித்தான். நிறைய பேர் படித்து உருகினார்கள். நல்லவேளை, எங்கள் நிலத்தில் முப்பது வருடம் களை எடுத்த அம்மா அதைப் படிக்கவில்லை.

*

அவரிடம் நான் பேசியது போன வருடம். தாத்தாவின் துப்பாக்கியைப் பற்றி இன்னும் பெரிதாக எழுதலாம் என்ற ஆசையில், பழைய ஆட்களிடம் கதை கேட்கப் போனேன். பன்றி சுட்ட கதை, யானை விரட்டிய கதை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“அது போனது நல்லதுதான் சாமி” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே மேலே சொன்னார்: “உங்க தாத்தாவைக் கெட்ட மனுசன்னு சொல்லல. ஒரு நாளும் எங்க பக்கம் நீட்டினதில்ல. ஆனா நாங்க கூலி கூட்டிக் கேக்க வர்ற அன்னிக்குத்தான் அதைத் திண்ணையில எடுத்து வெச்சுக்கிட்டு எண்ணெய் போட்டுத் துடைப்பாரு. நாங்க பேச வந்ததை மறந்துட்டு, குடுத்ததை வாங்கிக்கிட்டுப் போயிடுவோம். அது வீட்ல இல்லேன்னு தெரிஞ்ச வருசந்தான் நாங்க உக்காந்து பேசினோம்.”

கூலி ஏறியதற்குத் துப்பாக்கி போனது மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். 2008 ஏப்ரலில் நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தபோது கிருஷ்ணகிரிக்கும் வந்தது. கம்பெனி வேன்கள் வந்தன, இளவட்டங்கள் வயலைவிட்டுப் போனார்கள், ஆள் கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஞாபகத்தில் அந்த வருடத்துக்கு அடையாளம் துப்பாக்கி இல்லாத திண்ணைதான். நான் பெருமையாக எழுதிய அதே திண்ணை.

எழுந்து கிளம்பலாம் என்று இருந்தேன். அவர் விடவில்லை. “நெலத்தை வித்தீங்களே, அதுக்குத்தான் சாமி எனக்கு ஆத்தாமை” என்றார். களை எடுக்கப் போனால் மடியில் ஒரு பிடி கீரை வரும். வரப்பில் மாட்டுக்குப் புல் வரும். கோடையில் குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்கள் கிணறு இருந்தது. காய்ந்த அவரைக்கொடி அடுப்புக்கு வரும். வாங்கியவர் முதல் மாதமே சுற்றிலும் காம்பவுண்டு சுவர் எழுப்பினார். அந்தப் பக்கம் நடக்கிற வழிகூடப் போனது. மாட்டை விற்றுவிட்டார். “எங்ககிட்ட யாரு கேட்டாங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டிருக்க மாட்டார்கள் என்று தெரிந்த குரலில் சொன்னார்.

எங்கள் வீடு அழுகிற விற்பனைக்கு அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். எங்கள் வீடு பிரியாணி சாப்பிட்ட விற்பனைக்கு அவர் மாட்டை விற்றிருக்கிறார். இரண்டு விற்பனைகளையும் எங்களைவிடச் சரியாக எடைபோட்டவர் அந்தப் பொருட்களில் ஒரு பைசாவுக்கும் சொந்தக்காரர் இல்லாதவர்.

*

இந்த இடத்தில் என்னை மடக்கலாம். இரண்டு விதமாக மடக்கலாம்.

ஒன்று: “துப்பாக்கி வித்த காசில் படிச்சவன் நீ. அதனால அதை வித்தது நல்லதுன்னு உனக்குச் சொல்லத்தான் தோணும்.” சரிதான். அந்த விற்பனையால் லாபம் அடைந்தவன் நான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த 70,000 ரூபாய் பேரன் ஒருத்தனை வேலைக்கு அனுப்பியது, அதை விற்றவர் தாத்தா, முழு மனதோடு விற்றார். அதற்கு இருபது வருடம் கழித்து அழுகிறவர்கள் அவர் முடிவைத்தான் கேவலப்படுத்துகிறார்கள். ஏழு லட்சத்தோடு ஒப்பிட்டால் நான் நஷ்டக் கணக்காக இருக்கலாம். தாத்தா என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டு: “பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில ஏசியில உக்காந்துக்கிட்டு விவசாயிகிட்ட நிலத்தை விக்காதேன்னு சொல்ல நீ யாரு?” இது வலுவான கேள்வி. தக்காளியைச் சாலையில் கொட்டிவிட்டு வந்த வருடங்களை நானும் பார்த்தவன். வருடா வருடம் நஷ்டத்தைச் சுமக்கிற ஒருவர் நிலத்தை விற்றுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால், ஆபரேஷன் செய்துகொண்டால், அவரிடம் மண்ணின் மகிமை பேசுகிறவன் அயோக்கியன். நான் விற்காதே என்று சொல்லவில்லை. விற்ற பிறகு படுகிற வருத்தத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்கிறேன். படுவதாக இருந்தால் விற்பதற்கு முன்னால் படுங்கள். அப்போது படுகிற வருத்தத்துக்குக் கேள்வி கேட்கிற சக்தி உண்டு. வேலை முடிந்த பொருளா, முடியாத பொருளா? இதை வைத்து யாரெல்லாம் பிழைக்கிறார்கள்? விற்றால் யார் வழி அடைபடும்?

என் தொழிலில் இது சாதாரண விஷயம். ஒரு பழைய சர்வீஸை நிறுத்துவதற்கு முன்னால் அதை எந்தெந்த டீம் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று லாக் எடுத்துப் பார்ப்போம். இன்ன தேதியில் நிறுத்தப்போகிறோம் என்று மாதக்கணக்கில் முன்னாலேயே மெயில் போடுவோம். எவனோ ஒருவன் பதறிக்கொண்டு பதில் போடுவான். அவனுக்கு மாற்று வழி செய்துகொடுத்த பிறகுதான் நிறுத்துவோம். கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் கொடுக்கிற மரியாதையை நாலு ஏக்கருக்கும் அதை நம்பியிருந்தவர்களுக்கும் நாங்கள் கொடுக்கவில்லை. என் சொந்த அத்தைகளையே கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டோம்.

முன்னால் யோசிக்கிறவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. துப்பாக்கியிலேயே உதாரணம் இருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் குடகு. 1861-இலிருந்து குடவர்களுக்கு ஆயுத லைசென்ஸிலிருந்து விலக்கு. இப்போதைய விலக்கு 2029 வரை. செப்டம்பரில் கைல்போது பண்டிகையன்று துப்பாக்கிகளைச் சாமி முன்னால் வைத்து, குழலில் தோக் பூவைச் செருகிக் கும்பிடுகிறார்கள். துப்பாக்கிப் பூ என்று அர்த்தம். வேறு எதுவும் இல்லை, நம்முடைய செங்காந்தள்தான். அங்கே பிறப்புக்கும் சாவுக்கும் வெடிச்சத்தம் உண்டு. சரியா தப்பா என்பது தனி வாதம். ஆனால் அதை வீட்டில் வைத்திருப்பது எதற்காக என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. விலை அந்தப் பதிலில் இல்லை.

இதற்கு நேர் எதிராக ஆஸ்திரேலியா. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். நாடு முழுக்க வாதம் நடந்தது, கூட்டம் நடந்தது, எதிர்ப்பும் நடந்தது. பிறகு அரசு வரி போட்டுப் பணம் திரட்டி, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதில் நிச்சயம் பல தாத்தாக்களின் துப்பாக்கிகள் இருந்திருக்கும். கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தார்கள். வைத்திருப்பதும் விடுவதும் இரண்டுமே சரியாக இருக்கலாம். யோசிக்காமல் விற்றுவிட்டு, விலை ஏறிய பிறகு அழுவது மட்டும் எந்த விதத்திலும் சரியில்லை.

நிலத்துக்கும் உதாரணம் தூரத்தில் இல்லை. உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-இல் தொடர்ந்து உட்கார்ந்து போராடினார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் திட்டினார்கள். எனக்கு அவர்கள், இழப்பதற்கு முன்னாலேயே இழப்பைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்களாகத் தெரிந்தார்கள். 2013-ஆம் வருட நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பாதிக்கப்படும் குடும்பம் என்பதற்குள் நிலமே இல்லாத கூலி விவசாயியையும் அது சேர்க்கிறது. முன்கூட்டியே சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும் என்கிறது. தமிழ்நாடு தன்னுடைய 1997 தொழில் நிலச் சட்டத்தின் கீழ் எடுக்கிற நிலத்துக்கு அது பொருந்தாதபடி திருத்தம் செய்துகொண்டது வேறு கதை. அரசாங்கமே இப்படித் தப்பிக்கிறது என்றால், தனியாருக்குத் தனியார் விற்கிறபோது கேட்கவே வேண்டாம். களை எடுத்த அம்மாவின் பெயர் எந்தக் கிரயப் பத்திரத்தில் வரும்?

*

ஆயுதச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. 5-ஆவது பிரிவு. லைசென்ஸ் துப்பாக்கியை நீங்கள் இன்னொருவருக்கு விற்க வேண்டும் என்றால், யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்று கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் விற்கலாம். தாத்தாவும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அந்த 45 நாளும் துப்பாக்கி வீட்டில்தான் இருந்தது. அவர் தினமும் அதை எடுத்துத் துடைத்தார், திரும்ப வைத்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “காலேஜ்ல பாதியில விட்டுட்டு வரமாட்டியே?” என்று கேட்டார். மாட்டேன் என்றேன். இப்போது யோசித்தால், அவருடைய வருத்தம் முழுவதையும் அந்த 45 நாளில் பட்டு முடித்துவிட்டார் என்று தோன்றுகிறது. விற்ற பிறகு சாகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் விற்காதவர்கள்தான்.

ஆபத்தான பொருள் என்பதால் சட்டம் துப்பாக்கிக்கு 45 நாள் வைத்தது. நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

எங்களிடம் இன்னும் இரண்டேகால் ஏக்கர் இருக்கிறது. கிணறு அதில்தான். போன மாதம் புரோக்கர் வந்தார். லேஅவுட் போடப்போகிறார்கள். விலை நல்ல விலைதான். பெரியப்பா தேதி பார்க்கச் சொன்னார். நான் 45 நாள் கேட்டேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, அந்த நிலத்தோடு சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் விற்கப்போகிறோம் என்று சொல்ல வேண்டும் என்றேன்.

“நெலம் என்ன துப்பாக்கியாடா?” என்றார் பெரியப்பா.

இல்லை பெரியப்பா. துப்பாக்கி நம் ஒருவர் கையில் இருந்தது. நிலம் அப்படி இல்லை.

அப்பா என் பக்கம் நின்றதால் 45 நாள் கிடைத்தது. இன்று பதினேழாவது நாள். குத்தகைக்குத் தக்காளி போட்டிருப்பவர் இன்னும் ஒரு பருவம் கேட்டிருக்கிறார். ஓர் அத்தை, தன் பங்கைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் விற்காமல் வைத்துக்கொள்வேன் என்று முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறார். இன்னோர் அத்தை சீக்கிரம் விற்கச் சொல்கிறார், அவருக்கு மருத்துவச் செலவு இருக்கிறது, அது நியாயம். களை எடுத்த அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கிணற்றுக்குப் போகிற வழியை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார்.

விற்கலாம், விற்காமலும் போகலாம். கிணற்றையும் வழியையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுக்க முடியுமா என்று சர்வேயரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விலை குறையும் என்கிறார் புரோக்கர். குறையட்டும். எது நடந்தாலும் இந்தத் தடவை பிரியாணி கிடையாது என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.